முகத்துவாரத்து மணலில் ஒரு தடம்

மாமல்லபுரம் பக்கம் கடற்கரையில் இப்போது தடித்த சக்கரம் போட்ட சின்ன வண்டிகளை ஓட்டுகிறார்கள். மேலே கூரை கிடையாது, பக்கத்தில் கதவு கிடையாது. இரும்புக் குழாயை வளைத்துச் செய்த கூண்டுக்குள் நாலு பேர் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து மணல்மேடு ஏறி இறங்குகிறார்கள். வயல், தோப்பு, உப்பங்கழி, கடல் என்று ஒரு பகல் முழுக்கச் சுற்றிக் காட்டுவார்களாம். அந்த வண்டியோட்டிகளில் ஒருவர் எங்களுக்கு உறவு. போன மாதம் என்னை அழைத்துப்போய் மற்றவர்கள் முன்னால் உட்கார வைத்து, அந்தக் காலத்தில் ஆற்று மணலில் ஜீப் ஓட்டிய அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஒருவர் செல்போனை நீட்டினார். திரையில் ஒரு நீலக் கோடு தெரிந்தது. அந்தக் கோட்டை விட்டு விலகாமல் போனால் போதும், வழி தவறவே தவறாது என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கோட்டை விட்டு விலகாமல்தான் நானும் ஒருநாள் போனேன். ஆனால் அங்கே அத்தனை பேர் சிரித்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தபோது அதைச் சொல்ல மனம் வரவில்லை. பொத்தாம் பொதுவாக ஏதோ பேசிவிட்டு வந்துவிட்டேன். சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் ஊர் ஓரிக்கை. வீட்டிலிருந்து பாலாறு கூப்பிடு தூரம். நிலமில்லாத குடும்பம். அப்பா கோடையில் ஆற்றில் ஊற்றுத் தோண்டும் வேலைக்குப் போவார். நான் வாலாஜாபாத்தில் ஓர் அரிசி ஆலை லாரியில் கிளீனராகச் சேர்ந்து, வாலிபத்தில் பாதியை லாரிக்கு அடியில் படுத்தே கழித்து, ஒருவழியாக லைசென்ஸ் எடுத்தேன். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. அறுபதுகளின் கடைசியில் அவுல்தார் பாயிடம் வேலைக்கு வந்தேன்.

பாய் ஆற்காட்டுக்காரர். பட்டாளத்தில் வண்டி ஓட்டி ஹவில்தாராக வெளியே வந்தவர். காஞ்சிபுரத்தில் யார் வாயிலும் அது நுழையாமல் 'அவுல்தார்' ஆகிவிட்டது. அவரும் அவரோடு பட்டாளத்தில் இருந்த ஜீவரத்தினம் என்பவரும் சேர்ந்து, ராணுவம் ஏலத்தில் விட்ட பழைய ஜீப்புகள் இரண்டை எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கோயில் பார்க்க வருகிறவர்கள், கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள், பட்டுக் கடைக்கு வரும் வெளியூர் வியாபாரிகள், எப்போதாவது சில வெள்ளைக்காரர்கள் என்று ஊரில் ஆள் நடமாட்டத்துக்குக் குறைவில்லை. கோபுரம் பார்த்துக் கழுத்து வலித்தவர்களை ஒருநாள் வெளியே அழைத்துப்போவதுதான் தொழில். காலையில் புறப்பட்டு, ஐயம்பேட்டையில் சாப்பாட்டுக் கூடையை ஏற்றிக்கொண்டு, வாலாஜாபாத்தில் ஆற்றுக்குள் இறங்கி, மணலிலேயே கிழக்கே போவோம். தண்ணீர் குறுக்கிட்டால் கரையேறி மாந்தோப்பு, கரும்புக் கொல்லை, ஏரிக்கரை என்று சுற்றிக்கொண்டு மறுபடி இறங்குவோம். பாலாறு கடலைச் சேருகிற முகத்துவாரம் வரை போய், அங்கிருந்து கடலோரமாகவே சதுரங்கப்பட்டினத்துப் பழைய கோட்டைக்குப் போய்ச் சாப்பாடு. சாயங்காலம் தார் ரோட்டில் வீடு திரும்பல். ஊரில் இதற்கு 'ஆத்துச் சவாரி' என்று பெயர்.

நான் சேர்ந்தபோது ஜீவரத்தினம் இல்லை. அவரை நான் பார்த்ததே கிடையாது. சில வருஷங்களுக்கு முன்னால் ஒருநாள், மறுநாள் சவாரிக்கு முகத்துவாரத்தில் தடம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தன் ஜீப்பில் தனியாகப் போனவர் திரும்பவில்லை. பாய் போய்த் தேடினார், போலீசிலும் சொன்னார்கள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டு ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டது. வெள்ளம் வடிந்தபோது ஆளும் இல்லை, ஜீப்பும் இல்லை. கொஞ்ச நாளில் ஊர் ஒரு கதை கட்டிவிட்டது. ஜீப்பை விற்றுவிட்டு யாரோ ஒருத்தியோடு பெங்களூரில் குடித்தனம் நடத்துகிறாராம். கண்ணால் பார்த்ததாகவே ஒருவர் சத்தியம் செய்தார். இந்த மாதிரிக் கதைக்கு மட்டும் எப்படியோ சாட்சி கிடைத்துவிடுகிறது.

பாய் அந்தக் கதையைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். இன்னொரு பழைய ஜீப்பை வாங்கி அதை எனக்குக் கொடுத்தார். ஜீவரத்தினத்தைப் பற்றி என்னிடம் அவர் சொன்னது ஒரே ஒரு குறை. முன் வண்டி ஓட்டும்போது அந்த ஆள் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்ப்பாராம். பின் வண்டி வருகிறதா என்ற கவலை. மணலில் முன்னால் போகிறவன் கண் முன்னால்தான் இருக்க வேண்டும் என்று இவர் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறாராம், கேட்டதில்லையாம்.

பாயின் கண் ஒருநாளும் பின்னால் போனதில்லை. அவர் அதிகம் பேசமாட்டார், குரலை உயர்த்தவும் மாட்டார். நல்ல மனநிலையில் இருந்தால் என்னைப் 'பேட்டா' என்பார், மகனே என்று. கோபம் வந்தால் 'நீங்க' என்பார். அந்த 'நீங்க'வைக் கேட்டால் என்ன தப்புச் செய்தேன் என்று வண்டியைச் சுற்றிப் பார்ப்பேன். கைக்குட்டையைச் சதுரமாக மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொள்வார். கிளம்புவதற்கு முன் மோதிர விரலால் ஜீப்பின் முகப்பில் இரண்டு தட்டுத் தட்டுவார். அந்தச் சத்தம் கேட்காமல் நான் ஒருநாளும் வண்டியை எடுத்ததில்லை.

ஆற்றுக்குள் இறங்கும் முன் செய்ய வேண்டியவற்றை அவர் ஒருநாளும் மாற்றியதில்லை. முதலில் டயரில் காற்றை இறக்கவேண்டும். கட்டை விரலால் அழுத்தினால் வெந்த கிழங்கு போல அமுங்கவேண்டும், அதுதான் அளவு. மண்வெட்டி, ஈரச்சாக்கு, இரண்டு பலகை, கயிறு, நீண்ட மூங்கில் கழி எல்லாம் இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்ப்பார். மணலில் பிரேக் மிதிக்கக் கூடாது. நிறுத்த வேண்டுமானால் காலை எடுத்துவிட்டு வண்டி தானாக நிற்கும் வரை விடவேண்டும். பின் வண்டியின் சக்கரம் முன் வண்டியின் தடத்துக்குள்ளேயே போகவேண்டும், ஒரு விரல் கூட வெளியே போகக் கூடாது. அவ்வப்போது பின் வண்டி ஒரு ஹாரன் அடிக்கும், முன் வண்டி பதிலுக்கு ஒன்று அடிக்கும். புழுதியில் முன் வண்டி மறைந்துவிட்டால் பயப்படாதே, தலையை நிமிர்த்தித் தேடாதே, கண்ணைத் தடத்தை விட்டு எடுக்காதே என்பார். இந்தக் கடைசிச் சட்டத்தை மட்டும் ஒவ்வொரு சவாரியிலும் சொல்வார். நான் தலையாட்டுவேன்.

சாப்பாட்டுக் கூடையைப் பற்றியும் சொல்லவேண்டும். ஐயம்பேட்டையில் அதைச் சமைத்துக் கொடுத்தது ஜீவரத்தினத்தின் மனைவி சரோஜா அக்கா. பிழைப்புக்காகப் பாய் ஏற்பாடு செய்த வேலை அது. புளியோதரையை மந்தாரை இலையில் பொட்டலமாகக் கட்டி, தறிக்காரர்கள் அறுத்துப் போடும் பட்டு நூலால் முடிச்சுப் போட்டிருப்பார். எத்தனை பேர் என்று முதல் நாளே சொல்லிவிடுவோம். அதற்கு மேல் ஒரு பொட்டலம் எப்போதும் கூடுதலாக இருக்கும். அதை மட்டும் அரக்கு நிற நூலால் கட்டியிருப்பார். வழியில் எங்காவது ஜீவரத்தினம் எதிர்ப்பட்டால் கொடுப்பதற்கு. முதல் சவாரியிலேயே பாய் என்னிடம் சொல்லிவிட்டார், அதை யாரும் தொடக் கூடாது, வீணாகிறதே என்று யாருக்கும் தூக்கிக் கொடுக்கவும் கூடாது, சாயங்காலம் கட்டுப் பிரிக்காமல் அக்கா கையில் திருப்பிக் கொடுக்கவேண்டும். அக்காவும் கூடையில் கைவிட்டு அந்தப் பொட்டலத்தை எடுத்து, நூலைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார். அவரும் கேட்கமாட்டார், நாங்களும் சொல்லமாட்டோம். நெற்றியில் குங்குமம் பளிச்சென்று இருக்கும். அந்தத் தெருவில் அதைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. எனக்கு அந்த ஒரு நிமிஷம் எப்போதும் சங்கடமாக இருக்கும்.

நான் சொல்ல வந்தது ஓர் ஆனி மாதத்துச் சவாரியில் நடந்தது. இரண்டு வருஷமாக ஆற்றில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. பாயின் ஜீப்பில் வெள்ளைக்காரர்கள் மூன்று பேர். என் ஜீப்பில் ஒரு பட்டுக் கடை முதலாளியும் அவர் மனைவியும் முதலாளியின் தம்பியும். அந்த அம்மாள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். பயமென்பதே தெரியாத மனுஷி. மற்றவர்கள் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு வந்தபோது அவர் மடியில் முறுக்கு டப்பாவை வைத்துக்கொண்டு, இது என்ன தோப்பு, அது எந்த ஊர்க் கோயில் என்று கேட்டுக்கொண்டே வந்தார். என் பக்கத்து இருக்கையில் அவர்தான் இருந்தார்.

உச்சி நேரத்தில் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் வந்தோம். அந்த இடத்தை முன்னால் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். ஆறு அங்கே அகன்று, கரை எது என்று தெரியாமல் வெட்டவெளியாகிவிடும். கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளை மணல். அங்கங்கே உப்புப் பூத்த திட்டு. தூரத்தில் கடல் சத்தம் மட்டும் கேட்கும், கடல் தெரியாது. நிழல் என்று எதுவுமில்லை. பட்டப்பகலில் அங்கே எனக்கு எப்போதும் முதுகு கூசும். யாரோ நிற்பது போல இருக்காது. யாருமே ஒருநாளும் நின்றதில்லை என்பது போல இருக்கும். அதுதான் பயம்.

அன்றைக்கு மேல்காற்று எழுந்தது. முதுகுப் பக்கமிருந்து வந்த காற்று மணலை வாரிக்கொண்டு ஓடியது. ஆள் உயரத்துக்கு மேல் வரை எல்லாம் வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது, அதற்கு மேலே வானம் சுத்தமாக இருந்தது. முன்னால் பாயின் ஜீப் கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு புழுதியில் மறைந்துவிட்டது. நான் பயப்படவில்லை. கண்ணைத் தடத்துக்கு இறக்கினேன். இரண்டு கோடும் தெளிவாக இருந்தன. இப்போதுதான் போன தடம் போல ஈரம் கசிந்து, கருப்பாக, ஆழமாக இருந்தன. ஹாரன் அடித்தேன், பதில் வந்தது. முன்னாலிருந்து வந்தது. இன்றைக்கும் எந்தக் கோர்ட்டில் நிறுத்திக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

சக்கரம் தடத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்து ஓடியது. ஸ்டீயரிங்கைப் பிடிக்கவே வேண்டியிருக்கவில்லை. அப்போது அந்த அம்மாள் முறுக்கைக் கடித்துக்கொண்டே சர்வ சாதாரணமாகக் கேட்டார்.

"ஏம்பா, முன்னாடி போற வண்டியில டிரைவரு ஒருத்தருதானே இருக்காரு? அந்த வெள்ளக்காரங்க எங்க எறங்கினாங்க?"

எனக்கு எதுவும் புரியவில்லை. தலையை நிமிர்த்தினேன். புழுதி தவிர எதுவும் தெரியவில்லை. என்னம்மா சொல்றீங்க என்றேன்.

"அதோ போறாரு பாரு. தலையில துண்டு கட்டிக்கினு. நாம வர்றமான்னு திரும்பித் திரும்பிப் பாத்துக்கினே போறாரு."

பாய் தலையில் துண்டு கட்டி யாரும் பார்த்ததில்லை. பாய் திரும்பியும் பார்க்கமாட்டார். என் கால் தானாகவே ஆக்ஸிலேட்டரிலிருந்து எழுந்துவிட்டது. வண்டி கொஞ்ச தூரம் உருண்டு நின்றது. எஞ்சின் சத்தம் அடங்கியதும் ஒரு ஹாரன் கேட்டது. அது எங்களுக்குப் பின்னால், வடக்கே வெகு தூரத்திலிருந்து கேட்டது. பாயின் ஹாரன்தான், கொஞ்சம் கரகரப்பாக இருக்கும். மறுபடி மறுபடி அடித்துக்கொண்டிருந்தார்.

நான் இறங்கி ஒரு காலைத் தரையில் வைத்தேன். தரை அசைந்தது. மேலே காய்ந்த ஓடு, கீழே ஆறவைத்த கஞ்சி மாதிரி ஏதோ ஒன்று. ஊற்றுத் தோண்டும்போது அப்பா இதைக் காட்டியிருக்கிறார், புதைமணல். அதில் ஊன்றிய கழி ஆள் உயரத்துக்கு மேலும் இறங்கிக்கொண்டே போகும். ஜீப்பின் முன் சக்கரங்களைப் பார்த்தேன். அவசரமே இல்லாமல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தன. சக்கரத்தைச் சுற்றித் தண்ணீர் ஒரு வளையம் போலத் துளிர்த்தது.

அந்த மூன்று பேரையும் உயிரோடு வெளியே கொண்டுவரவேண்டும். அந்த நேரத்தில் எனக்கு வேறு எந்த நினைப்பும் இல்லை, பேய் பிசாசு நினைப்பும் இல்லை. குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டேன். வண்டியில் சின்ன பழுது, லேசாக்கவேண்டும் என்று சொல்லி, ஒவ்வொருவராகப் பின்பக்கம் வழியாக இறக்கினேன். பின்னால் பலகையைப் போட்டு, அதில் கால் வைத்து, நாங்கள் வந்த தடத்தின் மேலேயே ஒருவர் பின் ஒருவராக நடக்கச் சொன்னேன். முதலாளிக்கு ஏதோ புரிந்துவிட்டது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். அந்த அம்மாள் மட்டும் நின்று முன்பக்கம் பார்த்தார். "அவரு நின்னுட்டாரேப்பா" என்றார். கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, "எங்க போனாரு?" என்றார். நான் அவர் தோளைத் தொட்டுத் திருப்பி விட்டேன். முதலாளி வீட்டு அம்மாளைத் தொடுகிறோமே என்று அப்போது தோன்றவில்லை.

அவர்கள் கெட்டியான மணலுக்குப் போய்ச் சேர்ந்ததும் சக்கரங்களுக்குப் பின்னால் ஈரச்சாக்கைத் திணித்தேன். ரிவர்ஸ் போட்டேன். முதல் தடவை சக்கரம் வழுக்கிச் சுற்றி இன்னும் இறங்கியது. இரண்டாவது பலகையையும் அடியில் கொடுத்து மறுபடி போட்டேன். கொடுத்த பலகை முறிந்தது, ஆனால் வண்டி ஏறிவிட்டது. தடத்தை விடாமல் பின்னாலேயே போய், தரை உறுதியானதும் நிறுத்தினேன். இறங்கினேன். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பாய் நடந்து வந்தார். தன் ஜீப்பை வெள்ளைக்காரர்களோடு சவுக்குத் தோப்பு ஓரம் விட்டுவிட்டு மூங்கில் கழியோடு வந்தார். அவர் முகத்துவாரத்தின் விளிம்பிலேயே வடக்கே திரும்பிவிட்டிருக்கிறார். வழக்கமாகத் திரும்புகிற இடம்தான், புழுதியில் எனக்குத் தெரியவில்லை. காற்றில் அவருடைய புதுத் தடத்தை மணல் மூடிவிட்டது. நேராகப் போன இன்னொரு தடத்தை நான் பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன். என் ஹாரன் அவருக்குக் கேட்கவே இல்லை. பதிலும் அவர் கொடுக்கவில்லை. நான் வராததை உணர்ந்த பிறகுதான் அடிக்க ஆரம்பித்தாராம்.

"நீங்க எந்தத் தடத்துல போனீங்க?" என்றார். அந்த 'நீங்க' என்னைக் குத்தியது. கையை நீட்டிக் காட்டினேன்.

காற்று அடங்கியிருந்தது. என் ஜீப் நின்ற இடத்தைத் தாண்டி அந்தத் தடம் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் அதைச் சரியாகப் பார்த்தேன். பள்ளமாக இல்லை, மேடாக இருந்தது. எப்போதோ ஒரு ஜீப் போய் அழுத்தின மண். அதன் மேல் வெள்ளத்து வண்டல் மூடிக் காய்ந்து இறுகி, சுற்றியிருந்த லேசான மணலை இந்த வறட்சிக் காற்று அரித்துக்கொண்டு போனபின், புடவையில் கரை எழுந்து தெரிவது போல இரண்டு வரியாக எழுந்து நின்றது. ஈரம் இல்லை, கருப்பும் இல்லை. எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. நான் பார்த்தபோது அது ஈரமாகவும் ஆழமாகவும் இருந்தது என்று சொன்னேன்.

பாய் குனிந்து உட்கார்ந்து தடத்தில் கையை வைத்தார். வலப்பக்கத்துத் தடம் எங்கள் ஜீப்புகளில் இருப்பது போன்ற பட்டாளத்து டயரின் பட்டை பட்டையான அச்சு. இடப்பக்கத்தில் அந்தப் பட்டையின் மேல் வேறு தினுசு அச்சு, வளைவு வளைவாக. அதன் மேல் விரலை ஓட்டிக்கொண்டே இருந்தார்.

"இடது பின் சக்கரம்" என்றார். "டயர் கெடைக்கலன்னு ஒரு கார் டயர மாட்டிக்கினான். மாட்டாதேன்னு சொன்னேன்."

பிறகு கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு மறுமுனையை என்னிடம் கொடுத்தார். கழியை ஊன்றி ஊன்றிப் பார்த்து, தடத்தின் மேலேயே நடந்தார். நான் கயிற்றை விட்டுக்கொடுத்துக்கொண்டே நின்றேன். ஓர் இடத்தில் தடம் முடிந்தது. திரும்பவில்லை, தேயவில்லை, முடிந்தது. அதற்கப்பால் குழியும் இல்லை, மேடும் இல்லை. துணி விரித்தது போல வழுவழுவென்ற மணல், அதில் உப்பு மினுமினுத்தது. பாய் கழியை அங்கே ஊன்றினார். அது முழுக்க இறங்கியது. அவர் பிடியை விட்டார். கழியும் மறைந்துவிட்டது.

வெகுநேரம் அங்கேயே நின்றார். திரும்பி வந்தபோது அவர் கண்கள் சிவந்திருந்தன. மணல் விழுந்ததா என்று கேட்க நான் முட்டாள் இல்லை.

"நானும் நம்பிட்டேன் பேட்டா" என்றார். "பெங்களூருன்னு ஊரு சொல்லிச்சு. வாயால சொல்லல, ஆனா நம்பிட்டேன். அவன் இங்கயே இருந்திருக்கான்."

என் ஜீப்பில் இருந்த கூடையைத் திறந்து அரக்கு நூல் கட்டிய பொட்டலத்தை எடுத்தார். மறுபடி கயிறு, மறுபடி அந்தத் தடம். தடம் முடிந்த இடத்தில் மண்டியிட்டுப் பொட்டலத்தை வைத்தார். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து உதடசைய ஏதோ ஓதினார். அவர் இந்தப் பக்கம் வந்து சேர்ந்து நான் கயிற்றைச் சுருட்டிவிட்டுப் பார்த்தபோது பொட்டலம் அங்கே இல்லை. மணலில் இறங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டேன். அவ்வளவு லேசான பொட்டலம் அத்தனை சீக்கிரம் இறங்குமா என்பதை நான் இத்தனை வருஷமாக யோசிக்காமல் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

சவாரி சவாரிதான். கோட்டைக்குப் போய் எல்லோருக்கும் சாப்பாடு கொடுத்தோம். வெள்ளைக்காரர்களுக்கு நடந்தது எதுவும் தெரியாது, படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் மட்டும் சாப்பிடாமல் என்னைக் கூப்பிட்டு, முன்னால் போனவர் யார் என்று கேட்டார். வேறு வண்டி அம்மா என்றேன். அவர் நம்பவில்லை. பாவம், நல்ல மனுஷனாத் தெரிஞ்சாரு, ஆபத்துக்குக் கூட்டிக்கினு போறவரு மாதிரி இல்ல, தேடிக்கினு வரச் சொல்றவரு மாதிரி இருந்தாரு என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. பேய் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். நான் யாரையும் பார்க்கவில்லை. ஆனால் அந்த அம்மாள் பார்த்திராவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்கமாட்டேன்.

பொழுது சாயும் நேரத்தில் பயணிகளைக் காஞ்சிபுரத்தில் இறக்கிவிட்டு இரண்டு பேரும் ஒரே ஜீப்பில் ஐயம்பேட்டைக்கு வந்தோம். எப்போதும் கூடையை நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அன்றைக்குப் பாய் அதைக் கையில் எடுத்துக்கொண்டார். வழியெல்லாம் அவர் எதை எப்படிச் சொல்லப்போகிறார் என்று நான் யோசித்துக்கொண்டே வந்தேன். அவருக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

அக்கா வாசலுக்கு வந்தார். எதிர் வீட்டில் இரண்டு பெண்கள் தறிப் பாவுக்கு நூல் சரிசெய்துகொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா கூடையை வாங்கி வழக்கம்போல் உள்ளே கைவிட்டார். துழாவினார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு பிரகாசம், ஒரு நொடி.

"பாய், பொட்டலம் இல்லியே" என்றார்.

பாய் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தொப்பியில்லாமல் அவரை நான் பார்த்தது அன்றுதான். "வெச்சிட்டு வந்துட்டேம்மா" என்றார். "அவன் இருக்கிற எடத்துல."

அக்காவின் முகத்திலிருந்து அந்தப் பிரகாசம் போய்விட்டது. அவர் கத்தவில்லை, விழவில்லை. கூடையைக் கீழே வைத்தார். எந்த இடம் என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"பெங்களூரு இல்லியே?"

"இல்லம்மா. முகத்துவாரத்துல. போன அன்னிக்கே."

அவர் எங்களைத் தாண்டித் தெருவின் நடுவில் போய் நின்றார். எதிர் வீட்டுப் பெண்கள் கையில் நூலோடு எழுந்துவிட்டார்கள். கதவுகளில் தலைகள் தெரிந்தன. அக்கா எல்லோரையும் பார்த்து, "கேட்டுக்கினீங்களா?" என்றார். "எம் புருசன் எங்கியும் ஓடிப் போவல." அதைச் சொன்ன பிறகுதான் தரையில் உட்கார்ந்து அழுதார். இத்தனை வருஷ அழுகையும் சேர்ந்து வந்தது. பாய் திரும்பி நின்று ஜீப்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் இரும்புக் கம்பி இறக்கிப் பார்த்தோம். எதுவும் தட்டுப்படவில்லை. தோண்டத் தோண்டத் தண்ணீர்தான் வந்தது. அந்த வருஷம் மழை பெய்து ஆறு வந்தது. பிறகு எத்தனையோ ஆனி, ஆடி அங்கே போயிருக்கிறேன். அந்தத் தடம் மறுபடி எழவே இல்லை.

இதெல்லாம் நடந்த பிறகு வந்த முதல் சவாரியில் பாய் என்னை முன் வண்டிக்கு மாற்றினார். ஐயம்பேட்டையில் நிறுத்தினோம். அக்கா நெற்றியில் ஒன்றுமில்லாமல் கூடையைக் கொண்டுவந்து கொடுத்தார். பாய் பொட்டலங்களை எண்ணினார். நம்பாதவர் போல மறுபடி எண்ணினார். ஆட்களுக்குச் சரியாக இருந்தது. அரக்கு நூல் கட்டிய பொட்டலம் இல்லை. பிறகு அவர் ஜீப்பின் முகப்பில் இரண்டு தட்டுத் தட்டினார்.

வாலாஜாபாத்தில் காற்றை இறக்கிவிட்டு ஆற்றுக்குள் இறங்கினோம். கொஞ்ச தூரம் போனதும் நான் திரும்பிப் பார்த்தேன். பின் வண்டியில் பாய் வந்துகொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச தூரத்தில் மறுபடி பார்த்தேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, வந்துகொண்டுதான் இருக்கிறேன் என்று காட்டினார்.